ஆர்செட்டி பயிற்சி, பிஎம்இஜிபி மானியக் கடன்: தொழில் செய்யும் பெண்களுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கின்றன?

தமிழ்நாட்டில் சிறுதொழில் தொடங்க அரசு வழியில் போகும் பெண்கள் பெரும்பாலும் இரண்டு வாசல்களைத் தட்டுகிறார்கள். ஒன்று, மாவட்டத்தில் இருக்கும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம். ஆர்செட்டி என்றால்தான் யாருக்கும் தெரியும். இன்னொன்று, பிஎம்இஜிபி எனப்படும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். முதலாவது தொழிலைக் கற்றுத் தருகிறது, இரண்டாவது கடனுக்கும் மானியத்துக்கும் வழி செய்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நல்ல சேவைகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில்தான் பலர் இடறி விழுகிறார்கள். அந்த இடறல்கள் முன்கூட்டியே தெரிந்தால் தவிர்க்கக் கூடியவை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பயிற்சி எப்படி?

ஆர்செட்டிக்கு முன்மாதிரி, கர்நாடகத்தின் உஜிரேயில் 1982-இல் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து தொடங்கிய ருட்செட்டி. அதைப் பார்த்துத்தான் 2009-இல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் நாடு முழுக்க இதைக் கொண்டுபோனது. பொதுவாக அந்தந்த மாவட்டத்தின் முன்னோடி வங்கியே இதை நடத்தும். அதனால் ஒரு மாவட்டத்தில் இந்தியன் வங்கியின் பெயர்ப்பலகை இருக்கும், இன்னொன்றில் ஐஓபி அல்லது கனரா வங்கியின் பலகை இருக்கும். உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

கட்டணம் கிடையாது. சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். 18 வயது நிறைந்த ஊரகப் பகுதிப் பெண்கள் சேரலாம். மகளிர் குழு உறுப்பினர்களுக்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தினருக்கும் முன்னுரிமை உண்டு. ஒரு அணிக்கு 25 முதல் 35 பேர். பெண்களுக்கான தையல், அழகுக்கலை போன்றவை ஏறக்குறைய 30 நாள்; அப்பளம், ஊறுகாய், மசாலாப் பொடி, கறவை மாடு வளர்ப்பு போன்றவை 10 நாள்.

தொழிலை மட்டும் சொல்லிக் கொடுத்து அனுப்பிவிடுவதில்லை என்பது இங்கே பாராட்ட வேண்டிய விஷயம். வளையம் எறிதல், கட்டை அடுக்குதல், காகிதப் படகு செய்தல் என்று சில விளையாட்டுகள் நடக்கும். பார்ப்பதற்குப் பள்ளிக்கூட விளையாட்டுப் போலிருக்கும். வளையத்தை எவ்வளவு தூரத்திலிருந்து எறிவது என்பதை எறிபவரே முடிவு செய்ய வேண்டும்: பக்கத்தில் நின்றால் மதிப்பெண் குறைவு, தூரம் போனால் கூடுதல். எவ்வளவு துணிவது என்ற கேள்வியைக் கடன் வாங்குவதற்கு முன்பே கையில் கொடுத்துப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. படகு செய்யும் பயிற்சியில் எத்தனை படகு செய்வேன் என்று முதலில் சொல்லி, அதற்கேற்பக் காகிதம் ‘வாங்கி’, தரம் தேறியதை மட்டும் ‘விற்க’ வேண்டும். ஆசைப்பட்டு அதிகம் வாங்கியவருக்கு மிச்சக் காகிதமே நஷ்டம். தினமும் காலையில் முந்தைய நாள் கற்றதில் முக்கியமானதை ஒவ்வொருவரும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் பேசிப் பழகாத பெண்கள் பத்தாவது நாள் வங்கி மேலாளர் முன்னால் தயங்காமல் பேசுவதற்கு இது பெரிய காரணம். சந்தை ஆய்வுக்கும் வெளியே அனுப்புவார்கள். முடித்த பிறகு இரண்டு ஆண்டுகள் தொடர்பில் இருந்து வழிகாட்ட வேண்டும் என்பதும் திட்டத்திலேயே இருக்கிறது. சான்றிதழ் வாங்கியதோடு விட்டுவிடாமல் அந்த உரிமையைக் கேட்டுப் பெறுங்கள்.

குறைகளும் உண்டு. 30 நாளில் பிளவுஸ், சுடிதார் வெட்டத் தெரிந்துவிடும், வேகம் வராது. ஒரு நாளைக்கு இத்தனை பிளவுஸ் என்று கணக்குப் போட்டு வாடகைக்குக் கடை பிடிப்பதற்கு முன் குறைந்தது மூன்று மாதம் வீட்டிலேயே தைத்துப் பழகுவது நல்லது. கைக்குழந்தை உள்ளவர்களுக்குத் தங்கிப் படிப்பது முடியாத காரியம். தினமும் போய் வரலாமா என்று சேரும்போதே கேட்டுவிட வேண்டும்.

பெரிய குறை, விலை போடும் பாடம் போதாது என்பது. மசாலாப் பொடியை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக மிளகாய் கிலோ 200 ரூபாய் என்று வைப்போம். 10 கிலோ வாங்கிக் காம்பு கிள்ளி, காயவைத்து, அரைத்தால் 9 கிலோ பொடி வருகிறது என்றால், கிலோவுக்கு 222 ரூபாய் அப்போதே ஆகிவிட்டது. 100 கிராம் பாக்கெட்டுக்கு மிளகாய் 22, கவரும் லேபிளும் 3, மின்சாரமும் கேஸும் 2, கூலி 4, வண்டிச் செலவும் சேதாரமும் 2. ஆக 33 ரூபாய். லாபம் 5 சேர்த்தால் 38. மளிகைக் கடைக்காரர் 20 சதவீதம் கேட்கிறார். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள்: 38-இல் 20 சதவீதத்தைக் கூட்டி 45.60 என்று விலை போடுகிறார்கள். கடைக்காரர் எடுப்பது விற்பனை விலையில் 20 சதவீதம். 45.60-இல் அவர் 9.12 எடுத்துக்கொண்டால் கைக்கு வருவது 36.48, லாபம் 3.48. ஐந்து ரூபாய் லாபத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 38-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும், விலை 47.50. காம்பு கிள்ளுவதற்கு முன்னும் அரைத்த பின்னும் தராசில் நிறுத்து எழுதும் பழக்கத்தையும் இந்த வகுத்தலையும் முதல் நாளே சொல்லிக் கொடுத்தால் போதும், எத்தனையோ தொழில்கள் பிழைக்கும்.

35 சதவீதம் என்பதன் கணக்கு

பிஎம்இஜிபி 2008-இல் தொடங்கியது. காதி கிராமத் தொழில் ஆணையம் நடத்துகிறது. மாவட்டத் தொழில் மையம், காதி வாரியம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். பெண்கள், எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், சிறப்புப் பிரிவில் வருவார்கள். அவர்களுக்கு ஊரகப் பகுதியில் 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25 சதவீதம் மானியம். சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். உற்பத்தியில் 10 லட்சத்துக்கு மேலும் சேவையில் 5 லட்சத்துக்கு மேலும் போனால்தான் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும்.

ஊராட்சியில் மசாலா அரைக்கும் தொழிலுக்கு 6 லட்சம் ரூபாய்த் திட்டம் என்று கொள்வோம்: பல்வரைசர் எனும் அரைக்கும் மெஷின், வறுக்கும் மெஷின், சீலிங் மெஷின், தராசு, வயரிங் எல்லாம் சேர்த்து 4 லட்சம், சரக்கு வாங்கித் தொழிலை ஓட்டுவதற்கான நடைமுறை மூலதனம் 2 லட்சம். சொந்தப் பங்கு 30,000. வங்கி தருவது 5,70,000. மானியம் 2,10,000. ஆக, உண்மையில் நீங்கள் சுமக்கும் கடன் 3,60,000. இதே தொழில் பேரூராட்சி எல்லைக்குள் இருந்தால் மானியம் 1,50,000 ஆகக் குறைந்து கடன் 4,20,000 ஆகும். இடம் பார்க்கும்போதே அது ஊராட்சியா, பேரூராட்சியா என்று பார்த்துவிடுங்கள். தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 60,000 ரூபாய் வித்தியாசம் வரலாம்.

மானியம் கையில் வரும் பணம் இல்லை. முதலில் முழு 5,70,000-மும் கடனாகவே எழுதப்படும். பிறகு மானியத் தொகை வங்கிக்கு வந்து, உங்கள் பெயரில் மூன்று ஆண்டு டெபாசிட்டாக உட்கார்ந்திருக்கும். அந்த டெபாசிட்டுக்கு வட்டி கிடையாது. அதே அளவு கடன் தொகைக்கும் வங்கி வட்டி போடக் கூடாது. இந்த இரண்டாவது பாதியைக் கவனிக்காமல் விடுபவர்கள் மிக அதிகம். 11 சதவீத வட்டி என்றால் 2,10,000-க்கு ஆண்டுக்கு 23,100 ரூபாய். மூன்று ஆண்டில் 69,300. மானியம் வந்த தேதியைக் கேட்டு வாங்கி, அன்றிலிருந்து வட்டி எந்தத் தொகைக்குப் போடப்படுகிறது என்று ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துவிடுங்கள். கணினியில் பதிவு செய்யும்போது விடுபட்டுப்போவது நடக்கக் கூடியதுதான். எழுத்தில் கேட்டால் திருத்துவார்கள்.

நடைமுறை மூலதனத்திலும் ஒரு கொக்கி இருக்கிறது. 2 லட்சத்துக்கு சிசி கணக்கு (தேவைப்படும்போது எடுத்துக் கட்டும் கேஷ் கிரெடிட் கடன்) வாங்கினால், மூன்று ஆண்டுக்குள் ஒரு முறையாவது முழு 2 லட்சத்தையும் எடுத்திருக்க வேண்டும். பயன்பாடு 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் அதற்கேற்ற மானியப் பகுதி திரும்பப் போய்விடும். ஆகவே ‘கிடைப்பதை வாங்கி வைப்போம்’ என்று தொகையை ஏற்றிப் போடாதீர்கள். மாதம் சரக்குக்கும் பேக்கிங்குக்கும் 90,000 ஆகிறது, சரக்கு வாங்கிய நாள் முதல் கடைகளில் பணம் வரும் நாள் வரை 45 நாள் ஆகிறது என்றால் தேவை 1,35,000. அதைக் கேட்டால் போதும்.

நிலத்தின் விலையைத் திட்டத்தில் சேர்க்க முடியாது. கொட்டகை வாடகையை மூன்று ஆண்டு வரை சேர்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

இவ்வளவு நல்ல திட்டத்தில் எங்கே கோளாறு?

பிஎம்இஜிபி புதிய தொழிலுக்கு மட்டும்தான். ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கு முதல் கடன் கிடையாது. மத்திய, மாநில அரசின் வேறு மானியம் பெற்றிருந்தாலும் கிடையாது. கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான்.

பெண்களின் தொழில்கள் எப்படிப் பிறக்கின்றன என்று யோசித்தால் இந்த விதி எவ்வளவு பெரிய சுவர் என்பது புரியும். முதலில் மிக்சியில் அரைத்து அக்கம்பக்கத்தில் கொடுப்பார்கள். பிறகு குழுவில் ஒரு சிறு கடன், ஒரு மெஷின், நாலு கடை. ஓரளவு கால் ஊன்றிய பிறகுதான் பெரிய கடன் பற்றி யோசிக்கவே துணிச்சல் வருகிறது. அதற்குள் யாரோ சொல்லி உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) எடுத்திருப்பார்கள், அதில் தொழில் தொடங்கிய தேதி இரண்டு வருடம் முன்னதாக இருக்கும். விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். தன் கையால் தொழிலை நிரூபித்தவரை விட்டுவிட்டு, இன்னும் தொடங்காதவருக்குக் கொடுக்கும் இந்த அமைப்பு, பெண்களைப் பொறுத்தவரை தலைகீழானது. இதற்காகவே பிஎம்இஜிபிக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண்ணுக்கு மேல் தர முடியவில்லை. தொழில் நடப்பதை மறைத்து விண்ணப்பிக்கச் சொல்லும் இடைத்தரகர்கள் உண்டு. கேட்காதீர்கள். நேரில் வந்து சரிபார்ப்பது இந்தத் திட்டத்தில் கட்டாயம்.

ஏற்கெனவே தொழில் நடத்துபவர்கள் எங்கே போவது? உணவுப் பொருள் என்றால் பிஎம்எப்எம்இ என்ற குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டத்தை முதலில் பாருங்கள். 2020-இல் வந்தது. நடக்கும் தொழிலை மேம்படுத்தவும் கடன் தரும்; 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம். சொந்தப் பங்கு 10 சதவீதம், இரண்டு மடங்கு. ஆனால் இதில் இருக்கும் மாவட்ட வள நபர் என்ற ஏற்பாட்டுக்காகவே அதைப் பொறுத்துக்கொள்ளலாம். திட்ட அறிக்கை, வங்கி, எப்எஸ்எஸ்ஏஐ எனும் உணவுப் பாதுகாப்புப் பதிவு, உத்யம் என்று எல்லாவற்றுக்கும் கூட வரும் ஆள் அவர். அவருக்கான தொகையை அரசு கொடுக்கிறது, அதுவும் கடன் அனுமதியான பிறகுதான். ஆகவே உங்கள் கடன் கிடைப்பதில் அவருக்கும் அக்கறை இருக்கும். உங்களிடம் அவர் எதுவும் கேட்கக் கூடாது. குழுப் பெண்களுக்கு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 வரை தொடக்க நிதியும் இதில் உண்டு. இங்கே சொல்லும் திட்டங்களில் பெண்களின் நிலைமையை உள்ளபடி புரிந்துகொண்டு வடிவமைத்தது இதுதான் என்பது எங்கள் கருத்து.

உணவு அல்லாத தொழில், ஏற்கெனவே நடக்கிறது என்றால் வங்கிகள் தரும் முத்ரா கடன்: 50,000 வரை சிஷு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். மானியம் இல்லை, காத்திருப்பும் குறைவு. பிளஸ் டூ, ஐடிஐ, பட்டயம், பட்டம் இவற்றில் ஒன்றை முடித்து, 10 லட்சத்துக்கு மேல் முதலீட்டில் புதிதாகத் தொடங்குபவர்கள் மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தைப் பார்க்கலாம். 25 சதவீத மானியத்தோடு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. எந்தத் திட்டமானாலும் இணையதளத்தில் விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காகிதம் சேர்க்கத் தொடங்குங்கள். இவை எல்லாம் நிதியாண்டுக் கணக்கில் ஓடுபவை.

வங்கிக்குப் போகும் முன்

விண்ணப்பம் இணையத்தில் போட்டாலும் முடிவு வங்கியில்தான். பெண்களின் விண்ணப்பம் நிற்கும் முதல் காரணம் சிபில், அதாவது பழைய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும் அறிக்கை. வாரத் தவணை நிறுவனங்களில் வாங்கிய கடன்களும் அதில் ஏறும். அடைத்த கடன் அடைக்கப்படாததாகவே காட்டிக்கொண்டிருப்பது சகஜம். ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசம். எடுத்துப் பாருங்கள். தவறு இருந்தால் கடன் கொடுத்தவரிடம் நிலுவையில்லாச் சான்று வாங்கித் திருத்தக் கேளுங்கள். வாரக்கணக்கில் ஆகும் வேலை என்பதால் இதுதான் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

அடுத்தது திட்ட அறிக்கை. பிஎம்இஜிபி தளத்தில் மாதிரி அறிக்கைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதை அப்படியே கொடுத்தால் மேலாளர் இரண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்: மிளகாய் எங்கே வாங்குவீர்கள், எந்தக் கடைக்கு வாரம் எத்தனை பாக்கெட்? எண்களை உங்கள் ஊருக்கு மாற்றுங்கள். சரக்கு எடுக்கத் தயாராக இருக்கும் நாலைந்து கடைக்காரர்களிடம் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கி இணைத்தால் அறிக்கையின் எடை கூடும்.

மெஷினுக்குக் கொட்டேஷன் (விலைப்புள்ளி) வாங்கும்போது மோட்டார் எத்தனை குதிரைத்திறன், சிங்கிள் பேஸா, திரீ பேஸா என்று எழுதி வாங்குங்கள். மெஷின் வந்து இறங்கிய பிறகு திரீ பேஸ் இணைப்புக்கு விண்ணப்பித்துக்கொண்டு உட்கார்ந்தால், அதற்குள் தவணை தொடங்கிவிடும். வீட்டு மின் இணைப்பில் மெஷின் ஓட்டினால் அபராதம் வரும். குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கான 3ஏ1 கட்டணப் பிரிவு 12 கிலோவாட் வரை பொருந்தும். 5 குதிரைத்திறன் மோட்டார் 4 கிலோவாட்டுக்கும் குறைவு என்பதால் வறுக்கும் மெஷினோடு சேர்த்தாலும் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். மெஷினுக்கான பணத்தை வங்கி நேராக விற்பவரின் கணக்குக்கே அனுப்பும். விலையை ஏற்றி எழுதித் திருப்பித் தருகிறேன் என்று சொல்லும் விற்பனையாளரிடம் போகாதீர்கள். ஏற்றிய தொகைக்கும் வட்டி கட்டப்போவது நீங்கள்தான்.

10 லட்சம் வரையிலான குறு, சிறு தொழில் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 25 லட்சம் வரையிலான கடன் விண்ணப்பத்துக்கு 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ‘பார்க்கலாம்மா, அடுத்த மாசம் வாங்க’ என்பது காரணம் ஆகாது. வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம், செலவில்லை.

உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தளங்கள் இருக்கின்றன. கட்டணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை என்று புரிந்துகொண்டு வெளியே வந்துவிடுங்கள். சிறு அளவில் உணவுத் தொழில் செய்பவர்களுக்கான எப்எஸ்எஸ்ஏஐ பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். பிஎம்இஜிபிக்குப் போகிறவர்கள் இரண்டையும் கடன் அனுமதிக்குப் பிறகு எடுப்பது சிக்கலைத் தவிர்க்கும்.

கடன் வந்த பிறகு

மிகச் சிறிய திட்டங்களைத் தவிர மற்றவற்றுக்குத் தொழில்முனைவோர் பயிற்சிச் சான்று இல்லாமல் பிஎம்இஜிபி மானியம் விடுவிக்கப்படாது. ஆர்செட்டி பயிற்சி முடித்தவர்கள் அந்தச் சான்றிதழையே காட்டலாம், விதியில் இடமிருக்கிறது. இல்லாதவர்கள் இணைய வழியாகவே படித்து முடிக்கலாம். கடன் அனுமதிக் கடிதம் கையில் வந்த வாரத்திலேயே இதை முடித்துவிடுங்கள். இது தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் முழுக் கடனுக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

தொழில் நடக்கும் இடத்தில் பிஎம்இஜிபி உதவியில் தொடங்கியது என்ற பலகை வைக்க வேண்டும். சரிபார்க்க வருபவர்கள் பலகையோடு மெஷினின் படம், கொள்முதல் பில், விற்பனைக் கணக்கு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். இடம் மாற்றினால் வங்கிக்கும் விண்ணப்பித்த அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு ‘தொழில் நடக்கவில்லை’ என்று எழுதிப் போனால் அதை மாற்றுவது பெரும் பாடு.

மூன்று ஆண்டு முடியும்போது டெபாசிட் தானாகக் கடனில் கழிந்துவிடும் என்று இருந்துவிட வேண்டாம். இடையில் மேலாளர் மாறியிருப்பார், கோப்பு எங்கோ இருக்கும். மானியம் வந்த தேதி, டெபாசிட் எண், தொகை மூன்றையும் வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதிர்வுக்கு இரண்டு மாதம் முன்பே சரிபார்ப்பு முடிந்ததா என்று கேட்டு, மானியத்தைக் கடன் கணக்கில் வரவு வைக்கக் கோரி ஒரு கடிதம் கொடுத்து, நகலில் வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.